காற்று வீச்சும் முன்னறிவிப்பும்: ‘இடையிடையே’ என்ற சொல்லின் வரலாறு

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் மீனவர்களுக்கு விடுக்கும் எச்சரிக்கையில் ஒரு வாக்கிய அமைப்பு பல ஆண்டுகளாக மாறாமல் வருகிறது. மன்னார் வளைகுடாவிலோ குமரிக்கடலிலோ சூறாவளிக்காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும் என்பது அது. வானொலியில் இதைக் கேட்பவர் மனத்தில் முதலில் சொல்லப்படும் வேகமே தங்குவது இயல்பு. ‘இடையிடையே’ என்பது ஏதோ ஒட்டுச்சொல் போல ஒலிக்கிறது. ஆனால் படகைக் கவிழ்ப்பதும், முருங்கையை முறிப்பதும், ஓட்டுக்கூரையைப் பெயர்ப்பதும் பெரும்பாலும் அந்த இரண்டாவது வேகம்தான். அது அறிவிப்புக்குள் வந்து சேர ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு பிடித்தது. வழியில் ஒரு கப்பலும் ஒரு பாலமும் அவற்றில் இருந்த மனிதர்களும் பலியாக வேண்டியிருந்தது.

சராசரியும் வீச்சும்

காற்று ஆற்றைப் போல ஒரே சீராக ஓடுவதில்லை. நிலத்தின் மேடுபள்ளம், மரம், கட்டடம், அலை ஆகியவற்றில் உரசும் அடிக்காற்று வேகம் குறைந்து சுழல்களாக உடைகிறது. சில நூறு மீட்டர் உயரத்தில் தடையின்றி ஓடும் காற்றின் ஒரு பகுதியை இச்சுழல்கள் அவ்வப்போது தரைக்கு இழுத்து வருகின்றன. சில நொடிகள் நீடிக்கும் இந்த விரைவே வீச்சு. வெயில் ஏறி மண் சூடாகும் நண்பகலில் மேலும் கீழும் கலப்பது அதிகம் என்பதால் வீச்சும் அதிகம். இரவில் தரை குளிர்ந்ததும் கலப்பு அடங்கி, மேலே காற்று ஓடிக்கொண்டிருக்க, கீழே இலை அசையாத நிலையும் வரும்.

இன்று உலக வானிலை அமைப்பின் வழக்கப்படி, காற்றின் வேகம் என்பது திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்தில் 10 நிமிடங்களுக்கு எடுக்கப்படும் சராசரி. வீச்சு என்பது அந்த நேரத்துக்குள் பதிவாகும் மிக உயர்ந்த 3 நொடிச் சராசரி. கடலின் மேல் வீச்சு சராசரியைவிட ஏறத்தாழ கால் பங்கு கூடுதலாக இருக்கும். வீடும் மரமும் நிறைந்த நிலத்தில் ஒன்றரை மடங்கை எட்டுவதும் உண்டு. காற்று ஒரு பரப்பின் மீது செலுத்தும் விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே மேலே சொன்ன அறிவிப்பில் 55-க்கும் 65-க்கும் இடையே உள்ள 10 கிலோமீட்டர், விசையில் ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுதல். 45-ஐ 65-உடன் வைத்துப் பார்த்தால் விசை இரு மடங்கைத் தாண்டிவிடும்.

பாயைக் கொண்டு அளந்த காலம்

காற்றை அளக்கக் கருவி இல்லாத காலத்தில் கப்பலே கருவியாக இருந்தது. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரியான பிரான்சிஸ் போஃபர்ட், 1806 சனவரியில் தமது நாட்குறிப்பில் காற்றின் வலிமையைப் படிகளாகப் பிரித்து எழுதத் தொடங்கினார். அவருக்கு முன்பே அலெக்சாண்டர் டால்ரிம்பிள் போன்றோர் இத்தகைய படிகளைக் கையாண்டனர். போஃபர்ட் செய்த புதுமை, ஒரு போர்க்கப்பல் எத்தனை பாயை விரித்துத் தாங்கும் என்பதோடு ஒவ்வொரு படியையும் இணைத்தது. 0 என்றால் அசைவற்ற அமைதி. 12 என்றால் எந்தப் பாயும் தாங்காத பெருங்காற்று. 1838-இல் பிரிட்டிஷ் கடற்படை இதை ஏற்றது.

இந்த அளவுகோலில் வேகம் என்ற எண்ணே கிடையாது. அதோடு வீச்சுக்கும் இடம் இல்லை. மாலுமி ஒரு நாழிகை நேரம் காற்றை உணர்ந்து, பாயைப் பார்த்து, ஒரு படியைக் குறிப்பார். இடையில் வந்து போன முரட்டு அடிகள் அவர் மனக்கணக்கில் கரைந்துவிடும். படிகளுக்கு வேக எண்களை உறுதியான சூத்திரத்தால் பொருத்தியவர் ஜார்ஜ் சிம்ப்சன். 1906-இல் அந்த ஆய்வை வெளியிட்ட அவர், அதே ஆண்டில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து சிம்லாவில் பணியாற்றினார். பிற்காலத்தில் பிரிட்டிஷ் வானிலை அலுவலகத்தின் தலைவரும் ஆனார்.

பாய்க்கப்பல்கள் போய்விட்டாலும் போஃபர்டின் படிகள் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் இன்னும் மறைந்து வாழ்கின்றன. இந்திய வானிலைத் துறை 34 நாட் (மணிக்கு 62 கி.மீ.) வேகத்தை எட்டினால்தான் ஒரு தாழ்வு மண்டலத்தைப் புயல் என அழைக்கிறது. 34 நாட் என்பது போஃபர்ட் அளவின் எட்டாம் படி தொடங்கும் இடம். ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்துக்கு உரிய 28 முதல் 33 நாட் வரையிலான வேகம் அப்படியே ஏழாம் படி. தீவிரப் புயல் தொடங்கும் 48 நாட் பத்தாம் படி. மிகத் தீவிரப் புயல் தொடங்கும் 64 நாட் பன்னிரண்டாம் படி. தாழ்வு மண்டலம் ‘இன்னும் புயலாக மாறவில்லை’ என்று ஊடகங்கள் காத்திருக்கும் அந்த எல்லைக்கோடு, இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு போர்க்கப்பல் எந்தெந்தப் பாயைச் சுருட்டியது என்பதிலிருந்து வந்தது.

புயல் கூண்டு

1859 அக்டோபர் 25 இரவும் மறுநாள் காலையும் வீசிய கடும்புயலில், ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ‘ராயல் சார்ட்டர்’ என்ற கப்பல் வேல்சின் ஆங்கிள்சி தீவருகே பாறையில் மோதி உடைந்தது. ஏறத்தாழ 450 பேர் இறந்தனர். அப்போது பிரிட்டிஷ் அரசின் வானிலைப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். சார்லஸ் டார்வினை ‘பீகிள்’ கப்பலில் அழைத்துச் சென்ற அதே கப்பல் தலைவர். தந்தி வந்துவிட்ட காலம் என்பதால், ஓரிடத்தில் வீசும் புயலைப் பற்றி அடுத்த துறைமுகத்துக்கு முன்கூட்டியே சொல்ல முடியும் என்று அவர் வாதிட்டார். 1861 பிப்ரவரியில் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார். அவ்வாண்டு ஆகஸ்டு 1 முதல் ‘டைம்ஸ்’ நாளிதழில் பொதுமக்களுக்கான வானிலை முன்னறிவிப்பும் வெளிவந்தது.

எழுதப் படிக்கத் தெரியாத மீனவருக்கும் புரிய வேண்டும் என்பதால், துறைமுகக் கம்பத்தில் கித்தான் போர்த்திய கூம்பையும் உருளையையும் ஏற்றும் முறையை அவர் வகுத்தார். கூம்பின் முனை மேல்நோக்கினால் வடக்கிலிருந்தும், கீழ்நோக்கினால் தெற்கிலிருந்தும் பெருங்காற்று வரும் என்று பொருள். இரவில் அதே வடிவில் விளக்குகள் கட்டப்பட்டன. முன்னறிவிப்பு தவறியபோதெல்லாம் ஃபிட்ஸ்ராய் கேலிக்கு ஆளானார். 1865 ஏப்ரல் 30 அன்று அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்குப் பின் அமைந்த குழு, அறிவியல் அடிப்படை போதாது என்று சொல்லி 1866 இறுதியில் எச்சரிக்கைகளை நிறுத்தியது. அடுத்த ஆண்டே அவற்றை மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது. அறிஞர் குழுவுக்குப் போதாமல் இருந்த எச்சரிக்கை, கடலுக்குப் போகிறவர்களுக்குத் தேவையாக இருந்தது.

இந்தியாவில் இம்முறை வருவதற்கும் ஒரு பேரழிவே காரணம். 1864 அக்டோபர் 5 அன்று கல்கத்தாவைத் தாக்கிய புயலில் பல்லாயிரம் பேர் மாண்டனர். அடுத்த ஆண்டு கல்கத்தா துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை ஏற்பாடு செய்யப்பட்டது. 1875-இல் ஹென்றி பிளான்ஃபோர்டைத் தலைவராகக் கொண்டு இந்திய வானிலைத் துறை அமைந்தது. துறைமுகத்துக்குத் துறைமுகம் வேறுபட்டிருந்த அடையாளங்கள் 1898-இல் ஒரே முறைக்கு வந்தன. கம்பத்தில் தொங்கும் அந்தக் கூம்புகளையும் உருளைகளையும்தான் தமிழ்நாட்டு மக்கள் ‘புயல் கூண்டு’ என்கின்றனர்.

கூண்டு எண்ணைப் பற்றிப் பரவலாக ஒரு தவறான புரிதல் உண்டு. எண் கூடக்கூடக் காற்றின் வேகம் கூடுகிறது என்று எண்ணப்படுகிறது. உண்மையில் கூண்டு சொல்வது புயலின் தொலைவு, தன்மை, அது துறைமுகத்தின் எந்தப் பக்கம் கடக்கும் என்பவற்றை. 1-ஆம் எண், தொலைவில் கடலில் தாழ்வு மண்டலம் இருக்கிறது, துறைமுகத்துக்குப் பாதிப்பு இல்லை என்கிறது. 2-ஆம் எண், தொலைவில் புயல் இருப்பதை வெளியே கிளம்பும் கப்பல்களுக்குச் சொல்கிறது. 3-ஆம் எண் திடீர்க் காற்றோடு கூடிய உள்ளூர் மோசமான வானிலையைக் குறிப்பது. 4-ஆம் எண், கடலில் உள்ள புயல் பின்னர் துறைமுகத்தைப் பாதிக்கலாம் என்பது. 5, 6, 7 ஆகிய மூன்றும் ஒரே தரத்து ஆபத்துதான். புயல் துறைமுகத்தைத் தனக்கு இடப்புறம் வைத்துக் கடந்தால் 5, வலப்புறம் வைத்துக் கடந்தால் 6, துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடந்தால் 7. தீவிரமான புயலுக்கு இதே மூன்று நிலைகள் 8, 9, 10 ஆகின்றன.

பக்கத்துக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? வட அரைக்கோளத்தில் புயல் இடஞ்சுழியாகச் சுழல்கிறது. அது நகரும் திசைக்கு வலப்புறத்தில் சுழற்சியின் வேகமும் நகர்வின் வேகமும் சேர்ந்துகொள்ளும். இடப்புறத்தில் ஒன்றை ஒன்று குறைக்கும். வங்கக்கடலிலிருந்து மேற்கு நோக்கி வரும் புயலுக்கு வலப்புறம் என்பது வடக்கு. அங்கே காற்று கடலைக் கரைக்குத் தள்ளும். தெற்கே இருக்கும் ஊரில் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசி, நீர் உள்வாங்குவதுகூட உண்டு. ஒரே புயல், ஐம்பது கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு வேறுபட்ட காற்றைத் தருகிறது. 11-ஆம் எண் கூண்டு வேறு வகையானது. புயல் எச்சரிக்கை மையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது என்பதே அதன் செய்தி.

டே பாலம்

கூண்டு திசையையும் ஆபத்தையும் சொன்னது. வீச்சை இன்னும் யாரும் அளக்கவில்லை. அளக்கும் கருவி இல்லாமல் போகவில்லை. அயர்லாந்தின் அர்மா வானாய்வகத்தைச் சேர்ந்த தாமஸ் ரோம்னி ராபின்சன், 1846-இலேயே நான்கு கிண்ணங்கள் சுழலும் காற்றளவியை வடிவமைத்திருந்தார். ஆனால் அது சுற்றுகளைக் கூட்டி, ஒரு மணி நேரத்தில் எத்தனை மைல் காற்று கடந்தது என்று சொல்லும் கருவி. கனமான கிண்ணங்கள் மூன்று நொடி வீச்சுக்கு விரைந்து எழாது, எழுந்தால் விரைந்து அடங்காது. மேலும் கிண்ணம் காற்றின் வேகத்தில் சரியாக மூன்றில் ஒரு பங்கில் நகரும் என்று ராபின்சன் கொண்ட கணக்கு பிற்காலத்தில் பிழை என்று தெரிந்தது. அதன்படி குறிக்கப்பட்ட வேகங்கள் உண்மையைவிடக் கூடுதலாக இருந்தன.

1879 திசம்பர் 28 இரவு, ஸ்காட்லாந்தில் டண்டி நகரருகே டே கழிமுகத்தின் மேல் நின்ற ரயில் பாலத்தின் நடுப்பகுதி, கடும்புயலில் ஒரு பயணிகள் ரயிலோடு சரிந்து நீரில் விழுந்தது. ரயிலில் இருந்த ஒருவரும் தப்பவில்லை. இறந்தவர் எண்ணிக்கை 75 என்று அப்போது கணக்கிடப்பட்டது. பாலம் திறக்கப்பட்டு இரண்டாண்டுகூட ஆகவில்லை. அதை வடிவமைத்த தாமஸ் பவுச், காற்றழுத்தத்துக்கெனத் தனியாக எந்த இடமும் ஒதுக்கவில்லை என்று விசாரணையில் ஒப்புக்கொண்டார். வார்ப்பிலும் பராமரிப்பிலும் இருந்த குறைகளும் வெளிவந்தன.

விசாரணையில் வெளிவந்த ஒரு செய்தி வீச்சின் வரலாற்றில் தனி இடம் பெறுகிறது. ஃபோர்த் கழிமுகத்தில் கட்டவிருந்த மற்றொரு பாலத்துக்காக, அரச வானியலாளர் ஜார்ஜ் ஏரியிடம் பவுச் முன்பே கருத்துக் கேட்டிருந்தார். சிறிய பரப்பில், மிகக் குறுகிய நேரத்துக்கு, சதுர அடிக்கு 40 பவுண்டு வரை அழுத்தம் எழலாம் என்றும், பாலம் முழுமைக்கும் சேர்த்து 10 பவுண்டுக்கு மேல் போகாது என்றும் ஏரி விடை தந்தார். வீச்சும் சராசரியும் வேறு என்பதை அவர் அறிந்தே இருந்தார். வீச்சு எத்தனை பெரிய பரப்பை ஒரே நேரத்தில் அடிக்கும் என்பதை அளந்து பார்க்காமல் ஊகித்ததுதான் சிக்கல்.

பவுச்சிடமிருந்து ஃபோர்த் பாலப் பணி பறிக்கப்பட்டது. பிரிட்டிஷ் அரசு சதுர அடிக்கு 56 பவுண்டு அழுத்தத்தைத் தாங்கும்படி பாலம் அமைய வேண்டும் என்று விதித்தது. 1890-இல் திறக்கப்பட்டு இன்றும் நிற்கும் ஃபோர்த் பாலத்தின் பொறியாளர்களில் ஒருவரான பெஞ்சமின் பேக்கர், பணி நடந்த ஆண்டுகளில் அவ்விடத்திலேயே 300 சதுர அடி கொண்ட பெரிய பலகையையும் ஒன்றரைச் சதுர அடி கொண்ட சிறு பலகைகளையும் நிறுத்திக் காற்றழுத்தத்தை அளந்தார். சிறு பலகைகளில் பதிவான உச்ச அழுத்தம் பெரிய பலகையில் பதிவாகவில்லை. ஒரு வீச்சு எங்கும் ஒரே நேரத்தில் அடிப்பதில்லை, அதற்கு அகலமும் எல்லையும் உண்டு என்பதை இது காட்டியது. ஒரே தெருவில் ஒரு வேப்பமரம் சாய, இருபது அடி தள்ளி நின்ற முருங்கை தப்பிப்பதன் காரணமும் இதுவே.

இதே தேடலில் ஈடுபட்ட வில்லியம் ஹென்றி டைன்ஸ் 1892-இல் தமது அழுத்தக்குழாய்க் காற்றளவியை வெளியிட்டார். காற்றை எதிர்கொண்டு நிற்கும் குழாய்க்குள் ஏறும் அழுத்தம் ஒரு மிதவையை உயர்த்த, அதோடு இணைந்த பேனா உருளும் தாளில் கோடு வரையும். மணிக்கணக்குச் சராசரியாக மட்டும் இருந்த காற்று, முதன்முறையாக ரம்பப் பற்களைப் போல் ஏறி இறங்கும் கோடாகத் தாளில் தெரிந்தது. ‘இடையிடையே’ என்ற சொல்லுக்கு உருவம் கிடைத்தது அந்தத் தாளில்தான். இந்தியக் கரையோர நிலையங்களிலும் இக்கருவி நெடுங்காலம் புழங்கியது.

பாம்பன்

1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலம், டே பாலத்தின் பாடத்தை அன்றாட விதியாகக் கொண்டிருந்தது. பாலத்தில் பொருத்திய காற்றளவி மணிக்கு 58 கிலோமீட்டருக்கு மேல் காட்டினால் சைகை சிவப்பாகும், ரயில் நிற்கும். ஆடி மாதங்களில் ராமேசுவரம் ரயில் மண்டபத்தில் காத்துக்கிடந்ததற்குப் பலமுறை இதுவே காரணம். பயணிகளுக்குக் கரையில் காற்று அத்தனை கடுமையாகத் தோன்றியிருக்காது. தடையற்ற கடற்பரப்பின் மேல், பாலத்தின் உயரத்தில் அதே காற்று வேறு.

1964 திசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடியை அழித்த புயலில், பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயில் மூழ்கி நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பாலத்தின் பல கண்கள் அடித்துச் செல்லப்பட்டன. ரயிலை வாரிக்கொண்டு போனது காற்று அன்று, காற்று தள்ளி வந்த கடல். பாலத்தைச் சீரமைக்கும் பணியை இ. ஸ்ரீதரன் 46 நாட்களில் முடித்தது பலரும் அறிந்தது. காற்றின் வேகம் மட்டும் ஒரு புயலின் அளவாகாது என்பதற்குத் தனுஷ்கோடியைவிடத் தெளிவான சான்று இப்பகுதியில் இல்லை. அலை எழுச்சிக்கு வீச்சு பொறுப்பல்ல. மணிக்கணக்கில் ஒரே திசையில் கடலைத் தள்ளும் சராசரிக் காற்றே அதை எழுப்புகிறது. கூரையைப் பற்றிக் கவலைப்படுபவர் இரண்டாவது எண்ணைக் கேட்க வேண்டும் என்றால், தாழ்வான கரையில் குடியிருப்பவர் முதல் எண்ணையும் அது நீடிக்கும் நேரத்தையும் கேட்க வேண்டும்.

உள்ளூர்க் காற்று

காற்றின் திசைக்கு ஒரு பெயர் சூட்டுவதும் முன்னறிவிப்பின் பழைய வடிவம்தான். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. ஈழத்துக் கரைகளில் சோளகம், கச்சான் என்ற பெயர்களும் வழங்குகின்றன. இன்ன பெயருள்ள காற்று எழுந்தால் எந்தக் கரையில் படகை இறக்கலாம், எந்தப் பக்கம் கடல் கொந்தளிக்கும் என்பது அந்தப் பெயரிலேயே அடங்கியிருந்தது.

பெருநில அளவில் ஒன்றாகத் தோன்றும் காற்று ஊருக்கு ஊர் எவ்வளவு மாறும் என்பதற்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் சான்று. தென்மேற்குப் பருவக்காற்று மலையில் தடுக்கப்பட்டு, பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய இடைவெளிகளில் பிதுங்கி விரைகிறது. அம்மியே பறக்கும் என்று பழமொழி பேசும் ஆடிக்காற்று இவ்விடைவெளிகளின் கிழக்கே கடுமையாகவும், மலையின் நிழலில் உள்ள ஊர்களில் மிக மென்மையாகவும் இருக்கும். முப்பந்தலில் காற்றாலைகள் குவிந்ததற்குக் காரணம் வேறில்லை. காற்றாலைக்குக் கிடைக்கும் ஆற்றல் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது என்பதால், முன்னறிவிப்பில் ஏற்படும் சிறு பிழையும் மின்சாரக் கணக்கில் பெரிதாகும்.

கைப்பேசிச் செயலிகள் ஓர் ஊரின் பெயரைப் போட்டுக் காட்டும் காற்று, அந்த ஊரில் அளந்தது அன்று. கணினி மாதிரி நிலவுலகைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு காற்றைக் கணக்கிடுகிறது. ஐரோப்பிய மையத்தின் மாதிரியில் கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 9 கிலோமீட்டர். இந்தியா 2025 மே மாதம் அறிமுகப்படுத்திய பாரத் முன்னறிவிப்பு அமைப்பில் 6 கிலோமீட்டர். சில நூறு மீட்டர் அகலமுள்ள ஒரு வீச்சு இக்கட்டங்களுக்குள் அகப்படாது. எனவே மாதிரி வீச்சை நேராகக் காண்பதில்லை. மேல்காற்றின் வேகத்திலிருந்தும் காற்றடுக்கு எவ்வளவு கலங்கியிருக்கிறது என்பதிலிருந்தும் அதை மதிப்பிடுகிறது. பருவக்காற்றுக்கும் புயலுக்கும் இம்மதிப்பீடு ஓரளவு நம்பத்தக்கது.

கோடை இடிமழைக்கு அது பெரிதும் தவறும். இடிமேகத்துக்குள் மழையும் ஆலங்கட்டியும் ஆவியாகிக் குளிர்வித்த காற்று, கனத்துக் கீழே விழுந்து தரையில் மோதிப் பரவுகிறது. மழை விழுவதற்கு முன் புழுதியை வாரி அடிக்கும் குளிர்காற்று இதுதான். நியூயார்க்கில் 1975 சூன் 24 அன்று தரையிறங்க வந்த ஈஸ்டர்ன் நிறுவனத்தின் 66-ஆம் எண் விமானம் விழுந்ததை ஆராய்ந்த டெட்சுயா ஃபுஜிட்டா, இவ்வாறு சிறு பரப்பில் விழும் காற்றே காரணம் என்று நிறுவினார். தொடக்கத்தில் பலர் அதை ஏற்கவில்லை. டாப்ளர் ரேடார் அவரை மெய்ப்பித்தது. சென்னையில் 2002 முதல் டாப்ளர் ரேடார் இயங்குகிறது. இத்தகைய காற்றுக்கு நாளை என்று சொல்லும் அறிவிப்பைவிட, அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்துக்கென வரும் உடனடி அறிவிப்பே பயன்படும்.

ஒரே புயல், பல எண்கள்

ஒரு புயலுக்கு இந்திய வானிலைத் துறை ஒரு வேகமும், அமெரிக்க நிறுவனம் வேறொரு வேகமும் சொல்லும்போது ஒன்று பொய் என்று சமூக ஊடகங்களில் பேசப்படுகிறது. இந்தியா 3 நிமிடச் சராசரியையும், அமெரிக்கா 1 நிமிடச் சராசரியையும், பல நாடுகள் 10 நிமிடச் சராசரியையும் கையாள்கின்றன. குறுகிய நேரத்துக்குச் சராசரி எடுத்தால் எண் பெரிதாக வரும். கட்டடப் பொறியியல் இன்னும் ஒரு வேறுபாட்டைக் கொண்டுவருகிறது. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875 சென்னைக்கு விதிக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். இது சராசரி அன்று, 50 ஆண்டுகளுக்கு ஒருமுறை எதிர்பார்க்கத்தக்க 3 நொடி வீச்சு. புயல் அறிவிப்பின் முதல் எண்ணோடு இதை ஒப்பிட்டு, கட்டடங்கள் தேவைக்கு மேல் வலுவாக உள்ளன என்று முடிவு கட்டுவது தவறு.

உலகில் பதிவான மிக உயர்ந்த புயல் வீச்சு மணிக்கு 408 கிலோமீட்டர். 1996 ஏப்ரல் 10 அன்று ஒலிவியா புயலின்போது ஆஸ்திரேலியாவின் பாரோ தீவில் அது பதிவானது. கருவிக் கோளாறு என்று முதலில் ஐயுற்று ஒதுக்கப்பட்ட அந்தப் பதிவை உலக வானிலை அமைப்பு 2010-இல்தான் ஏற்றது.

ஒக்கி

2017 நவம்பர் 29 அன்று இலங்கைக்குத் தென்கிழக்கே உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், மறுநாள் காலை குமரிக்கடலில் புயலாகி ஒக்கி எனப் பெயர் பெற்றது. வழக்கமாக வங்கக்கடலில் நாள்கணக்கில் வளர்ந்து வரும் புயல்களைப் போலன்றி, இது கரைக்கு மிக அருகே ஒரே நாளில் உருத்திரண்டது. பின்னர் இலட்சத்தீவுக்கு மேல் மிகத் தீவிரப் புயலாக வலுத்தது. கன்னியாகுமரி, திருவனந்தபுரம் மாவட்டங்களின் மீனவர்கள் நூற்றுக்கணக்கில் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஆகிய ஊர்கள் பெரிதும் இழந்தன.

அறிவிப்பு வந்ததா இல்லையா என்பதில் அப்போது எழுந்த வாதத்துக்கு இரு பக்கமும் உண்டு. மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்ற எச்சரிக்கை புயலுக்கு முன்பே வெளியானது உண்மை. ஆனால் அது சூறாவளிக்காற்று, இடையிடையே இத்தனை வேகம் என்ற வழக்கமான வாக்கியமாகவே இருந்தது. ஆண்டில் பல நாள் வரும் அதே வாக்கியம். புயல் என்ற சொல்லும் பெயரும் 30-ஆம் நாள்தான் வந்தன. சொல்லே குழப்புவது என்பதும் கவனிக்கத்தக்கது. தமிழ்நாட்டு அறிவிப்பில் சூறாவளிக்காற்று என்பது புயலாக வளராத, திடீர்த் திடீரென எழும் காற்று. இலங்கைத் தமிழில் சூறாவளி என்றாலே புயல்.

அதைவிடப் பெரிய சிக்கல், வாரக்கணக்கில் தங்கிப் பிடிக்கும் ஆழ்கடல் படகுகள் எச்சரிக்கை வெளியாகும் முன்பே கரையை விட்டு வெகுதூரம் போயிருந்தன. சில பத்துக் கிலோமீட்டர் மட்டுமே எட்டும் கருவியால் அவற்றை அழைக்க முடியவில்லை. ‘செல்ல வேண்டாம்’ என்ற அறிவிப்பு, சென்றுவிட்டவர்களை நோக்கி எழுதப்படவில்லை. கூண்டு ஏற்றும் கம்பத்தைப் பார்க்கும் தொலைவில் மீன்பிடித்த காலத்தின் வாக்கியம் அது.

ஒக்கிக்குப் பின் மீனவர் எச்சரிக்கைகள் கடற்பகுதி வாரியாகவும் நாள் வாரியாகவும் விரிவாக வெளிவருகின்றன. ஆழ்கடலில் உள்ளவர்கள் எந்த நாளுக்குள் கரை திரும்ப வேண்டும் என்றும் அவற்றில் சொல்லப்படுகிறது. ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கையைப் பெற்றுக் கைப்பேசிக்கு அனுப்பும் ‘ஜெமினி’ என்ற கருவியை 2019 அக்டோபரில் அறிமுகப்படுத்தியது. கைப்பேசிக் கோபுரம் எட்டாத கடலிலும் அது செய்தியைப் பெறும். ஆனால் பெறுவதோடு சரி, படகிலிருந்து கரைக்கு அதன் வழியே எதுவும் சொல்ல முடியாது. அதற்குப் படகுகளில் பொருத்தப்படும் இருவழிக் கருவிகள் பின்னர் வந்தன.